கோட்டுக்குள் போன கிண்ணம்

"உன் தங்கச்சி என்னப்பா வேலை பார்க்குறா?" என்று யாராவது கேட்டால் அண்ணன் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவார். வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனியில் சாமான்களைக் கட்டி ஏற்றி இறக்குவது அவருடைய தொழில். கண்ணாடி அலமாரியைத் தூக்கிக்கொண்டு படியில் பாதி தூரம் வந்திருந்தாலும் சரி, "ஒரு நிமிஷம் பிடி" என்று அதை இறக்கி வைத்துவிட்டுத்தான் பதில் சொல்வார். பதில் ஒரே வரிதான்.

"உயிரோட இருக்குற செல்லுக்குள்ள என்ன நடக்குதுன்னு பார்க்குறா."

"என்ன நடக்குதாம்?" என்று அடுத்த கேள்வி வந்தால் அதற்கு மேல் அவரிடம் சரக்கு கிடையாது. அலமாரியைத் தூக்கிக்கொள்வார். எட்டாம் வகுப்போடு நின்றவர். தங்கை படித்த படிப்பின் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லவே அவருக்குச் சில நாட்கள் பிடித்தன. ஆனால் சொல்லும்போது ஒரு எழுத்தையும் விழுங்க மாட்டார்.

தங்கை சின்ன வயதில் சாப்பாட்டு மேசையில் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமில்லை. அம்மா சூப் வைத்துக் கொடுத்தால் குடிக்க மாட்டாள். மேலே மிதக்கும் எண்ணெய் வட்டங்களைக் கரண்டி நுனியால் ஒன்றோடொன்று தள்ளி ஒட்ட வைப்பாள். இரண்டு சேர்ந்து ஒன்றாகும், ஒன்று இன்னொன்றை இழுத்துக்கொள்ளும். கடைசியில் கிண்ணம் நிறைய ஒரே வட்டம். அதற்குள் சூப் பச்சைத் தண்ணீராகியிருக்கும்.

"ஆறிப்போச்சு பாரு, குடிச்சுத் தொலையேன்டி" என்பார் அண்ணன். அப்பா இல்லாத வீடு. அம்மா வேலைக்குப் போனபின் அவளுக்குச் சோறு போடும் பொறுப்பு அவருடையது.

"இதுங்களை யாருண்ணா சேரச் சொன்னது?"

"நீதானே கரண்டியால தள்ளுற."

"பக்கத்துல கொண்டுபோறதுதான் நான். சேர்றது அதுங்களா சேருது."

அந்தக் கேள்வியை அவள் விடவே இல்லை. பள்ளி, கல்லூரி, அதற்கு மேல் ஒரு படிப்பு என்று போய், இப்போது ஆராய்ச்சிக்கூடத்தில் அதே கேள்வியைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறாள். கிண்ணம் மட்டும் சின்னதாகிவிட்டது.

ஒருமுறை அண்ணனுக்குப் புரிகிற மாதிரி சொல்லிப் பார்த்தாள். அண்ணி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"நீ ஒரு வீட்டுச் சாமானை எல்லாம் லாரியிலேருந்து இறக்கி, பெட்டிகூடக் கட்டாம, நடு ஹால்ல கொட்டிட்டுப் போயிடுறேன்னு வச்சுக்கோ."

"நான் ஏன் அப்படிக் கொட்டப் போறேன்?"

"வச்சுக்கோயேன். திரும்பி வந்து பார்த்தா, சமையல் சாமான் எல்லாம் ஒரு மூலையில சேர்ந்திருக்கு, துணிமணி எல்லாம் ஒரு மூலையில. நடுவுல சுவர் கிடையாது, யாரும் எடுத்து வைக்கலை. செல்லுக்குள்ள அப்படித்தான் நடக்குது. புரதம், அது இதுன்னு ஆயிரம் சாமான். தேவைப்படுறப்ப அதுங்களே கூடித் துளித் துளியாத் திரளுது. வேலை முடிஞ்சா கலைஞ்சுபோயிடுது."

அண்ணன் யோசித்தார். "அப்படி எல்லா வீட்டுலயும் நடந்துட்டா எங்க கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான்."

"முதல்ல இந்த வீட்டுல நடக்கட்டும்" என்றாள் அண்ணி. "உங்க அண்ணன் சட்டை ஒண்ணு தானா மூலைக்குப் போனா நான் சாமி கும்பிடுறேன்."

தங்கை வேலை பார்த்த குழுவில் மூன்று துறை ஆட்கள் இருந்தார்கள். உயிரியல் பக்கம் தங்கையும் அவளுக்கு மேலே மேடமும். இயற்பியல் பக்கத்திலிருந்து நுண்ணோக்கி வைத்திருப்பவர்; அவரை எல்லாரும் லேசர்காரர் என்பார்கள். படங்களை எண்ணிக் கணக்குப் போட ஒரு பெண், அவள் கணக்குக்காரி. ஆரம்பத்தில் ஒருவர் பேச்சு ஒருவருக்கு எட்டவில்லை. "செல்லை ஒரு உருண்டைன்னு வச்சுக்குவோம்" என்று கணக்குக்காரி தொடங்குவாள். "எந்தச் செல்லும் உருண்டையா இல்லம்மா, நசுங்கின முட்டை மாதிரி இருக்கு" என்பாள் தங்கை. "நிறையத் துளி இருக்கு" என்று தங்கை சொன்னால், "நிறையன்னா எத்தனை?" என்று லேசர்காரர் கேட்பார். ஒருவரை ஒருவர் கிண்டல் செய்து செய்தே பழகிக்கொண்டார்கள்.

அவர்கள் பார்த்தது ஒரு புரதத்தை. நரம்பு நோய் ஒன்று வருகிறவர்களுக்கு அந்தப் புரதம் லேசாக மாறியிருக்குமாம். பச்சையாக ஒளிரும்படி செய்த அந்தப் புரதத்தைச் செல்லுக்குள் வைத்துப் பார்ப்பார்கள். மாறாத புரதம் உள்ள செல்லில் பச்சை நிறம் மூடுபனி போலப் பரவிக் கிடந்தது. மாறிய புரதம் உள்ள செல்லில் துளித் துளியாகத் திரண்டு நின்றது. அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடித்தவள் தங்கை. வருடக்கணக்காக உழைத்துப் பெற்றது. அடுத்த மாதம் வெளியூர் ஆராய்ச்சியாளர்கள் கூடும் பெரிய கூட்டத்தில் அவளே எழுந்து அதைச் சொல்லப் போகிறாள் என்று முடிவாகியிருந்தது. அவள் பேரில் வரும் முதல் சேதி. அண்ணன் அதைச் சொல்லாத ஆளில்லை. சோபா இறக்கப் போன வீட்டுக்காரர்களிடம்கூடச் சொல்லியிருந்தார்.

அதில் ஒரே ஒரு தொல்லை இருந்தது. நுண்ணோக்கியில் வைத்த கொஞ்ச நேரத்தில் துளிகள் மங்கிக் கலைந்துவிடும். லேசர் வெளிச்சம் பட்டுத் தளர்ந்துபோகின்றன என்று எல்லாரும் நினைத்தார்கள். அதனால் கிண்ணம் வந்ததும் வராததுமாகப் படம் எடுத்துவிடுவார்கள். அவசரப்பட அவசரப்பட நிறையத் துளிகள் தெரிந்தன.

"நானும் ஒருநாள் பார்க்கலாமா?" என்று அண்ணன் கேட்டார். கேட்பதற்கே அவருக்குக் கூச்சம்.

"ஞாயித்துக்கிழமை வாண்ணா. ஆளில்லாம இருக்கும், லேசர்காரர் மட்டும் வருவார். ரெண்டு துளி சேர்ந்து ஒண்ணாகுறதைக் காட்டுறேன்."

"போய் எதையும் பேக் பண்ணிட்டு வந்துடாதீங்க" என்று சொல்லி அனுப்பினாள் அண்ணி.

குளிர்காலம். அண்ணன் தன் பருத்த பஞ்சுக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனார். தங்கையின் அறை உயிரியல் கட்டடத்தின் மேல்மாடியில் இருந்தது. அங்கே ஒரு பெட்டிக்குள், உடம்புச் சூட்டிலேயே, செல்களை வளர்த்தாள். பெட்டியைத் திறந்ததும் ஈரமான இளஞ்சூடு முகத்தில் அடித்தது. உள்ளங்கைக்குள் அடங்கும் தட்டைக் கிண்ணம் ஒன்றை எடுத்தாள். அடியில் கண்ணாடி, உள்ளே இளஞ்சிவப்பு நீர். மாறிய புரதம் உள்ள செல்கள் செல்லப்பிள்ளைகள், இடம் மாற்றினால் வாடிவிடும் என்பதால் அவள் கண்ணெதிரிலேயே வளர்ந்தன. மாறாத செல்கள் எங்கே வைத்தாலும் வளரும். அவற்றை நுண்ணோக்கிக்குப் பக்கத்திலேயே, லேசர்காரரின் சின்னப் பெட்டியில் வைத்திருந்தார்கள்.

நுண்ணோக்கி இருந்தது எதிர்க் கட்டடத்தின் அடித்தளத்தில். இரண்டு கட்டடங்களுக்கும் நடுவே மேல்மாடியில் ஒரு பாலம். கூரை உண்டு, பக்கச் சுவர் கிடையாது.

தங்கையின் கைகளில் அன்றைக்கு மடிக்கணினியும் புட்டிகளும் இருந்தன. கிண்ணத்தை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து அண்ணனிடம் நீட்டினாள். "ஆட்டக்கூடாது, சாய்க்கக்கூடாது. சிந்துச்சுன்னா போச்சு."

"யார்கிட்ட சொல்ற? பீங்கான் செட்டு மொத்தத்தையும் மூணு மாடி இறக்கியிருக்கேன், கைப்பிடி ஒண்ணு போனதில்லை."

பாலத்தில் கால் வைத்ததும் காற்று வீசி அடித்தது. அண்ணன் நின்றார். கோட்டின் ஜிப்பை இறக்கி டப்பாவை உள்ளே விட்டு, வயிற்றோடு மட்டமாக அணைத்து, ஜிப்பை மேலே இழுத்தார். இரண்டு கைகளையும் வெளியிலிருந்து முட்டுக் கொடுத்துக்கொண்டு அடி மேல் அடி வைத்து நடந்தார். தங்கை கதவுகளைத் திறந்துகொண்டு முன்னால் போய்விட்டிருந்தாள். மின்தூக்கி வாசலில்தான் திரும்பிப் பார்த்தாள்.

"ஏண்ணா, ஏழு மாசக்காரி மாதிரி நடந்து வர்றே?"

"சும்மா இரு. இது உன் பொருள்."

அடித்தள அறை இருட்டாக இருந்தது. லேசர்காரர் எழுந்து வணக்கம் சொன்னார். "வாங்க சார். சீக்கிரம் சீக்கிரம், எங்க துளிங்களுக்கு வெட்கம் ஜாஸ்தி, வெளிச்சம் பட்டா ஓடிடும்." டப்பாவைத் திறந்து கிண்ணத்தை நுண்ணோக்கியின் இளஞ்சூடான மேடையில் பொருத்தினார். திரையில் பச்சை ஒளி படர்ந்தது.

மூடுபனி மாதிரி இருந்தது. ஒரு துளிகூட இல்லை.

"வேற இடம் பாருங்க" என்றாள் தங்கை. வேறு இடம் பார்த்தார். அங்கேயும் பனிதான். இன்னொரு மூலை, இன்னொன்று. லேசர்காரர் கிண்ணத்தின் மேல் எழுதியிருந்ததைப் படித்தார். தங்கையும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். மாறிய புரதம்தான். செல்கள் உயிரோடு, தெம்பாகத்தான் இருந்தன.

"நான் ஏதாச்சும் ஆட்டிட்டேனா?" என்றார் அண்ணன்.

"அதெல்லாம் இல்ல சார்" என்றார் லேசர்காரர், கொஞ்சம் தாமதித்து.

அந்தத் தாமதம் அண்ணனுக்குப் போதுமானதாக இருந்தது. சத்தமில்லாமல் வெளியே வந்து நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்தார். எந்த இடத்தில் கை சறுக்கியது என்று ஒவ்வொரு அடியாகத் திரும்ப நடந்து பார்த்தார். பாலத்தில் சரியாகத்தான் வந்தார். மின்தூக்கி நிற்கும்போது ஒரு குலுக்கல் இருந்ததே, அதுவா? ஊரார் கண்ணாடியை எல்லாம் பத்திரமாகக் கொண்டு சேர்த்த கை, கூடப் பிறந்தவள் ஒரு தடவை நம்பிக் கொடுத்ததைக் கெடுத்துவிட்டதே என்று உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தார்.

தங்கை வெளியே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கோபமாக இல்லை. சூப்பைப் பார்க்கும்போது இருக்கும் அதே முகம்.

"அண்ணா, டப்பாவை எப்படி எடுத்துட்டு வந்தே?"

"ஆட்டலைம்மா. சத்தியமா."

"ஆட்டினதைக் கேட்கலை. எதுல வச்சு?"

"கோட்டுக்குள்ள. காத்து அடிச்சுது, அதான். தப்பா?"

அவள் அவருடைய ஜிப்பைக் கொஞ்சம் இறக்கி உள்ளே கையை விட்டாள். உள்ளே கதகதவென்று இருந்தது. கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு தன் ஜில்லிட்ட விரல்களைப் பார்த்தாள்.

"நான் தினமும் வெறும் கையில எடுத்துட்டு வருவேன்" என்றாள்.

அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் எழுந்து மேலே போய் இன்னொரு கிண்ணத்தைத் தன் வழக்கப்படி, காற்றோடு காற்றாகப் பாலத்தில் நடத்தி எடுத்துவந்தாள். திரையில் துளிகள் வாரிக் கொட்டினாற்போலக் கிடந்தன. லேசர்காரர் கைதட்டினார். "அப்பாடா! முதல் கிண்ணத்துல ஏதோ கோளாறு. விடுங்க, ஞாயித்துக்கிழமையும் அதுவுமா."

அங்கேயே விட்டிருக்கலாம். அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. கூட்டத்தில் யாரும் கேட்டிருக்கவும் மாட்டார்கள். தங்கை லேசர்காரரின் சின்னப் பெட்டியைத் திறந்து, மாறாத செல்கள் இருந்த ஒரு கிண்ணத்தை எடுத்தாள்.

"அது எதுக்கு?"

"கொஞ்சம் உலாத்திட்டு வர்றேன்."

அண்ணனும் பின்னாலேயே போனார். அவள் பாலத்தின் நடுவில், டப்பாவை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு நின்றாள். காற்றில் உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. அண்ணன் கோட்டைக் கழற்றி நீட்டினார்.

"வேண்டாம்ணா. இது குளிரணும்."

"இது குளிரட்டும், நீ எதுக்குக் குளிரணும்?" என்று அவள் தோளில் போர்த்திவிட்டார். அவள் கைகளை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டாள்.

எப்போதும் துளியே காணாத அந்தச் செல்களில், அடித்தளத்துத் திரையில், துளிகள் நிறைந்து நின்றன. மாறாத புரதமும் திரண்டிருந்தது. குளிர்ந்தால் எல்லாச் செல்லும் அப்படித்தான் செய்கிறது. புரதம் மாறியதால் வந்த துளிகள் என்று இத்தனை நாள் அவர்கள் எண்ணிக்கொண்டிருந்தவை, பாலத்துக் காற்று செய்த வேலை.

லேசர்காரர் நாற்காலியில் சாய்ந்தார்.

"என் பெட்டி சூடா இருக்கு. நுண்ணோக்கி மேடை சூடா இருக்கு. உங்க பக்கமும் சூடாத்தான் இருக்கும்னு இருந்தேன்."

"என் பக்கம் சூடாத்தான் இருந்துச்சு" என்றாள் தங்கை. "பாலம் யார் பக்கமும் இல்லை."

"அப்ப வெளிச்சம் பட்டுக் கலையலை."

"மேடைச் சூட்டுல கலைஞ்சிருக்கு. நாமதான் அது கலையறதுக்குள்ள ஓடி ஓடிப் படம் எடுத்திருக்கோம்."

லேசர்காரருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

திரும்பும்போது பேருந்தில் அண்ணன் ஜன்னலைப் பார்த்தபடியே வந்தார். "நான் வராமலே இருந்திருக்கலாம்."

"வராம இருந்திருந்தா அத்தனை பேர் நடுவுல நின்னு, இல்லாத ஒண்ணைச் சொல்லியிருப்பேன். எனக்கே தெரியாம." சொல்லி முடிக்கும்போது அவள் குரல் உடைந்தது. வருடக்கணக்கில் உழைத்ததல்லவா? அண்ணன் தோளைக் காட்டினார். அடுத்த நிறுத்தம் வரை அழுதாள். கோட்டின் தோள்பட்டை நனைந்துபோனது.

கதவைத் திறந்த அண்ணி இருவர் முகத்தையும் பார்த்தாள். "என்னத்தை உடைச்சீங்க?"

"அவ கண்டுபிடிப்பை" என்றார் அண்ணன்.

அண்ணி நேரே சமையலறைக்குப் போனாள். தங்கைக்கு முதலில் சாப்பாடு போட்டாள்.

மறுநாள் தங்கை மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னாள். மேடம் எல்லாக் கிண்ணங்களையும் மறுபடி கொண்டுவரச் சொல்லி, தானும் பாலத்தில் நின்று பார்த்தார். மூன்று தடவை பார்த்துவிட்டு, கூட்டத்தில் பேசப்போவதில்லை என்று தகவல் அனுப்பினார். "நல்லவேளை, சொன்னே" என்றார். அவர் எழுதிக்கொண்டிருந்த கட்டுரையும் அந்தத் துளிகளை நம்பித்தான்.

அண்ணனுக்கு, யாரும் தங்கையின் கூட்டத்தைப் பற்றிக் கேட்காமல் இருந்தால் தேவலை என்று இருந்தது. ஊர் முழுக்கச் சொன்னவர் ஆயிற்றே. "தள்ளிப் போயிருக்கு" என்று முதல் ஆளிடம் சொன்னார். அது பொய் என்று உறுத்தியதால் அடுத்த ஆளிடம், "அது தப்புன்னு அவளே கண்டுபிடிச்சுட்டா" என்றார். சொன்னபின் தலை கொஞ்சம் நிமிர்ந்தது. அதன் பிறகு எல்லாரிடமும் அப்படியே சொன்னார்.

சில வாரங்கள் தங்கை வீட்டுக்குச் சரியாக வரவில்லை. வந்தாலும் சாப்பிட்டதும் படுத்துவிடுவாள். பிறகு ஒருநாள் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அண்ணா, ஞாயித்துக்கிழமை வர்றியா? கோட்டைப் போட்டுட்டு வா."

"மறுபடி கிண்ணம் தூக்கணுமா?"

"அதுக்குச் சூடு போகாத பெட்டி வாங்கியாச்சு. அடித்தளத்துல குளிரும். உனக்குத்தான்."

போனார். லேசர்காரர் நாற்காலி போட்டார். கணக்குக்காரியும் வந்திருந்தாள். "கோட்டுக்காரர் இவர்தானா?" என்று அவள் தங்கையின் காதில் கிசுகிசுத்தது அண்ணனுக்கும் கேட்டது. இப்போது அவர்கள் வேண்டுமென்றே மேடையைக் குளிரவைத்துத் துளிகளை வரவழைத்து, பிறகு மெல்லச் சூடேற்றிப் பொறுமையாகப் பார்த்தார்கள். முன்பு தொல்லை என்று விட்டு ஓடியதை, இப்போது உட்கார்ந்து பார்க்கிறார்கள்.

"பாரு, அந்த ரெண்டும்" என்றாள் தங்கை.

திரையில் இரண்டு பச்சைத் துளிகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒன்றை ஒன்று தொட்டன. நடுவில் ஒரு கழுத்து உண்டாயிற்று. கழுத்து பருத்தது. கண் சிமிட்டுவதற்குள் ஒரே துளியாக, உருண்டையாக நின்றது. யாரும் கரண்டியால் தள்ளவில்லை.

"அட" என்றார் அண்ணன். சூப்புக் கிண்ணமும், எதிரில் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த சின்னப் பெண்ணும் அவர் கண்முன் வந்தார்கள்.

சூடு ஏறியது. துளிகள் ஒவ்வொன்றாக மெலிந்து பனியாகிப் பரவின. "இது மாறாத செல். எல்லாமே கலைஞ்சிடும்" என்றாள். பிறகு கிண்ணத்தை மாற்றினாள். இது மாறிய புரதம் உள்ளது. மறுபடி குளிர்ந்தது, திரண்டது, சூடானது. இங்கேயும் துளிகள் கலைந்தன. ஒரு செல்லின் ஓரத்தில் மட்டும் ஒன்று அப்படியே நின்றது. பக்கத்துச் செல்லிலும் ஒன்று.

அண்ணன் அது போகட்டும் என்று காத்திருந்தார். போகவில்லை. "இது மட்டும் ஏன் போகலை?"

தங்கை சட்டென்று அவர் பக்கம் திரும்பினாள். இருட்டிலும் முகம் மலர்ந்தது தெரிந்தது. "தெரியலைண்ணா."

"இன்னும் நிறைய எண்ணிப் பார்க்கணும்" என்றாள் கணக்குக்காரி.

"நிறையன்னா எத்தனை?" என்றார் லேசர்காரர். மூவரும் சிரித்தார்கள்.

இப்போதும் அண்ணனிடம் தங்கையின் வேலையைப் பற்றி ஆட்கள் கேட்கிறார்கள். அவர் அலமாரியை இறக்கி வைக்கிறார். பதில் முன்பைவிட நீளம். கூட வேலை செய்கிறவர்கள் முணுமுணுக்கிறார்கள். குளிரில் எல்லாம் திரளும், சூட்டில் எல்லாம் கலையும், ஒன்றிரண்டு மட்டும் கலையாமல் நிற்கும் என்று கையால் காட்டிக் காட்டிச் சொல்கிறார்.

"அது ஏன் நிக்குது?" என்று கேட்டால், "அதைத்தான் பார்த்துட்டிருக்கா" என்று சொல்லிவிட்டு, அலமாரியின் அந்தப் பக்கத்தைப் பிடிக்கச் சொல்கிறார்.